குழந்தை டாக்டர் ஏன் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிறார்?

கேள்வி: டாக்டர், நாங்கள் டல்லாஸ் நகரத்தின் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். கணவர் ஐ.டி. வேலை. கிரீன் கார்டு வந்துவிட்டது. போன தீபாவளி சமயம் எங்கள் தெருவில் ஒரு ஆந்திரக் குடும்பத்தின் வீட்டில் புகுந்து நகையெல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து கணவருக்குத் தூக்கமே இல்லை. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்து டிராயரில் வைத்திருக்கிறார். போன வாரம் நாலு வயது மகளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். கார் சீட், நீச்சல் குளம் என்று வரிசையாகக் கேட்டுவந்த டாக்டர், ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்றும் கேட்டார். திகைத்துப்போய் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன். கணவரிடம் சொன்னதும் அவருக்கு ஒரே கோபம். ‘தடுப்பூசி போடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? டாக்டர்கள் எல்லாம் துப்பாக்கிக்கு எதிர்க்கட்சி. நம் எதிர்வீட்டு சர்ஜன் நாலு துப்பாக்கி வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறாரே, அவரிடம் போய்க் கேட்கட்டும்’ என்கிறார். நான் பொய் சொன்னது தப்பா? டாக்டர்கள் உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்? பெரியவனுக்கு 15 வயது. பள்ளி மாறியதிலிருந்து அறைக்குள்ளேயே கிடக்கிறான், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஆனால் அவனால் தொந்தரவு கிடையாது. சின்னவளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, டெக்சஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் சொன்னதை நினைத்துக் குமைய வேண்டாம். நம் ஊரில் நாம் பார்த்த துப்பாக்கி, வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியினுடையது. பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று இதைக் கேட்டால் யாருக்கும் வாய் குளறத்தான் செய்யும். நானும் இந்த நாட்டில் குழந்தைகள் மருத்துவர்தான். இதே கேள்வியை நானும் தினமும் கேட்கிறேன். அவசரமாக வரும் ‘இல்லை’யை நான் அப்படியே நம்பிவிடுவதும் இல்லை, அதற்காகக் கோபப்படுவதும் இல்லை. அடுத்த முறை போகும்போது, ‘அன்றைக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை, வீட்டில் ஒன்று இருக்கிறது, எப்படி வைக்கலாம் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். போதும். சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதற்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பொய்யைவிட அது மேல். டாக்டரும் பொதுவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைப்பார்.

சொன்னால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும் என்ற பயம் உங்கள் கணவருக்கு இருக்கலாம். பலருக்கும் இருக்கிறது. மருத்துவக் குறிப்பில் எழுதினாலும் அது நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் தகவல். மத்திய அரசு துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியப் பதிவேடு ஒன்றை உருவாக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது: வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகக் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. புகைபிடிப்பவரிடம் கூடுதலாக வாங்கலாம், துப்பாக்கிக்காரரிடம் வாங்கக் கூடாது. துப்பாக்கி ஆதரவுத் தரப்புக்கு இங்கே எவ்வளவு செல்வாக்கு என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த ‘எதிர்க்கட்சி’ விஷயம். உங்கள் கணவருக்கு இப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. இந்தச் சண்டைக்கு வயது முப்பதுக்கு மேல். 1993-ல் ஆர்தர் கெல்லர்மன் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, கொல்பவரும் பெரும்பாலும் வீட்டு மனிதரோ தெரிந்தவரோதான் என்றது அது. அந்த ஆய்வின் முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் பதில் ஆய்வுக்கட்டுரையாக மட்டும் வரவில்லை. 1996-ல் அர்கன்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்குப் போகக் கூடாது என்றது. அதோடு, துப்பாக்கிக் காய ஆய்வுக்கு அந்த மையம் செலவழித்துவந்த 26 லட்சம் டாலரையும் அப்படியே வெட்டினார்கள். எதற்கு வம்பு என்று அதிகாரிகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்கள். அந்த டிக்கியே பிற்பாடு மனம் மாறி, சி.டி.சி.யில் தனக்கு எதிரே நின்ற மார்க் ரோசன்பர்க்கோடு சேர்ந்து, ஆய்வு நடக்கத்தான் வேண்டும் என்று 2012-ல் பத்திரிகையில் எழுதினார். அப்படியும் காங்கிரஸ் இதற்கென்று மறுபடி பணம் ஒதுக்கியது 2019 கடைசியில்தான், இரண்டரைக் கோடி டாலர்.

உங்களுக்கு நடந்த மாதிரியே ஃபுளோரிடாவிலும் நடந்தது. 2010-ல் ஒக்காலா என்ற ஊரில் ஒரு குழந்தை டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டார். தாய் பதில் சொல்ல மறுத்தார். 30 நாளுக்குள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் அந்த டாக்டர். (அவர் செய்தது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொண்டு குழந்தையைக் கைவிடுவது வைத்தியம் ஆகாது.) பிரச்சினை சட்டசபை வரை போனது. டாக்டர் காரணமில்லாமல் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவோ எழுதிவைக்கவோ கூடாது என்று 2011-ல் சட்டமே வந்துவிட்டது. டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டாக்டரின் பேச்சுரிமையைச் சட்டம் மீறுகிறது என்று அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற பகுதியை மட்டும் விட்டுவைத்தது. எனக்கு நியாயமான தீர்ப்பாகத்தான் பட்டது.

அடுத்த ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ., ‘தங்களைப் பெரிதாக நினைத்துக்கொள்ளும் துப்பாக்கி எதிர்ப்பு டாக்டர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்’ என்ற தொனியில் ட்விட்டரில் எழுதியது. தேதி 2018 நவம்பர் 7. அன்றிரவே கலிஃபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் ஊரில் ஒரு மதுக்கூடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதும் டாக்டர்களும் நர்ஸுகளும் ரத்தம் தோய்ந்த அறுவை அரங்குகளின் படங்களைப் போட்டு ‘இதுதான் எங்கள் வேலை’ என்று பதில் சொன்னார்கள். அதை முன்னால் நின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறுவை மருத்துவர் ஜோசஃப் சக்ரான். பதினேழு வயதில், யாரோ சுட்ட குண்டு அவர் தொண்டையில் பாய்ந்தது. உயிர் பிழைத்த பிறகுதான் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றே தோன்றியதாம்.

இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு டாக்டர்கள் எல்லாரும் ஒரே அணி என்றுதான் படும். நிஜத்தில் அப்படி இல்லை. எதிர்வீட்டு சர்ஜன் விதிவிலக்கு என்றா நினைக்கிறீர்கள்? அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, அது அறுவை மருத்துவர்களின் சங்கம்) சில ஆண்டுகளுக்கு முன் தன் விபத்துக் காயக் குழுவினரிடையே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தினமும் குண்டு எடுக்கும் ஆட்கள் அவர்கள். அவர்களிலேயே பத்தில் நாலு பேர் அளவுக்கு வீட்டில் துப்பாக்கி இருந்தது. தற்காப்புக்கு வைத்திருந்தவர்கள் உண்டு, வேட்டைக்காரர்கள் உண்டு, அப்பா கொடுத்த துப்பாக்கி என்று வைத்திருந்தவர்களும் உண்டு. என்னோடு வேலை செய்யும் எலும்பு டாக்டர் ஒருவர் நவம்பர் வந்தால் லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது உப்புக்கண்டம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார். நான் சைவம், எனக்கு மட்டும் சாக்லேட்.

அதே கல்லூரி, துப்பாக்கிச் சாவுகளைக் குறைக்க வழி சொல்லும்படி ஒரு குழுவை அமைத்தபோது, அதில் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருக்கும் அறுவை மருத்துவர்களையே உட்கார வைத்தது. இந்த முயற்சியை முன்னெடுத்தவர்களில் ஒருவர் உங்கள் டெக்சஸ்காரர், சான் ஆன்டோனியோவின் ரொனால்ட் ஸ்டூவர்ட். 2017-ல் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்டபோது, காயம்பட்டவர்களில் சிலர் அவர் ஊர் மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள். துப்பாக்கிப் பிரியர்களே நிறைந்த அந்தக் குழு சொன்னவற்றில் ஒன்று: துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது உரிமையாளரின் பொறுப்பு. இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இது எதிர்க்கட்சி சொன்னதல்ல, அவர் கட்சியே சொன்னது.

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்பதே அரசியல் என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் திமோத்தி வீலர் என்ற அறுவை மருத்துவர் 1994-ல் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார். இன்னொரு பக்கம், கேட்க வேண்டும் என்று நினைத்தும் கேட்காதவர்கள்தான் ஏராளம். 2014-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், துப்பாக்கிக் காயம் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 85 சதவீத உள்மருத்துவர்கள் (பெரியவர்களுக்கான பொது மருத்துவர்கள்) ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நோயாளியிடம் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை என்றவர்கள் 58 சதவீதம்! ஆக, உங்கள் டாக்டர் கேட்டார் என்றால் அவர் கொஞ்சம் தைரியசாலி.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். என் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வைக்கவும் மாட்டேன். குழந்தை உள்ள வீட்டுக்குத் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று எங்கள் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-லிருந்து சொல்லிவருகிறது. நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் என்னிடம் வரும் பெற்றோர் அத்தனை பேரும் அதை ஏற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அதனால் வைத்திருப்பவரிடம் நான் கேட்பது, எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும்தான்.

ஏன் கேட்கிறோம்? 2020 முதல் இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதற்கு முன் பல காலம் வாகன விபத்து முதலிடத்தில் இருந்தது. கார் சீட்டைப் பற்றிக் கேட்கும் டாக்டர் இதைக் கேட்காமல் விட்டால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

உங்கள் கணவர், ‘சின்னவளிடம் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்’ என்பார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அட்லாண்டாவில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். மேஜை டிராயரில் நிஜத் துப்பாக்கி, தோட்டா மட்டும் இல்லை. மொத்தம் 29 குழுக்களில் 21 குழுக்கள் கால் மணி நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்தன. அவற்றில் 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையை இழுத்தே விட்டான். எடுத்தவர்களில் பெரும்பாலோர், துப்பாக்கியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள்! இன்னோர் ஆய்வு, மூன்று நாலு வயதுக் குழந்தைகளிலேயே நாலில் ஒன்றுக்கு விசையை இழுக்கும் அளவுக்கு விரல் பலம் உண்டு என்றது. உங்கள் வீட்டிலும் அது டிராயரில்தானே இருக்கிறது.

திருட்டுப் பயத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. தெற்காசியக் குடும்பங்களையே குறிவைத்து, 2011-லிருந்து 2014 வரை பல மாநிலங்களில் வீடு புகுந்து தங்கம் கொள்ளையடித்த கும்பல் ஒன்று இருந்தது. அந்த மாநிலங்களில் டெக்சஸும் ஒன்று. முதலில் நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். அலாரம், கேமரா போடுங்கள். பண்டிகைக்குப் போட்ட நகையோடு எடுத்த படத்தை உடனுக்குடன் முகநூலில் போடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று அவர் நினைத்தால் அது சட்டப்படி அவர் உரிமை. ஆனால் டிராயர் கூடாது. கட்டில் பக்கத்திலேயே சுவரிலோ தரையிலோ முடுக்கி வைக்கும் சின்ன இரும்புப் பெட்டி கிடைக்கிறது. எண் பூட்டோ கைரேகைப் பூட்டோ இருக்கும், சில நொடிகளில் திறந்துவிடலாம். எங்கள் சங்கம் சொல்வது இன்னும் கறார்: தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியாக வேறிடத்தில் பூட்ட வேண்டும். இதில் ஒவ்வொன்றுமே பிள்ளைகளின் உயிர்ச் சேதத்தைக் குறைப்பதாக 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. கேபிள் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். துப்பாக்கித் தொழில்துறையின் சங்கம்தான் ‘ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்’ என்ற திட்டத்தில் போலீஸ் நிலையங்கள் வழியாகக் கொடுக்கிறது. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசி டப்பாவிலோ வைக்காதீர்கள். நம் வீடுகளில் பீரோ சாவி இருக்கும் இடம் தெரியாத பிள்ளை உண்டா? எண் பூட்டுக்குப் பிள்ளைகளின் பிறந்தநாளையும் வைக்க வேண்டாம்.

டெக்சஸ் சட்டமும் இதில் சும்மா இல்லை. குண்டு நிரப்பிய துப்பாக்கியை 17 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கும்படி விட்டுவைத்து, பிள்ளை எடுத்துவிட்டால் உரிமையாளர் மேல் வழக்கு வரும். இன்னொன்று, இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் வாங்கினார் என்று நீங்களும் வாங்கப் போய் விசாவைப் பறிகொடுக்காதீர்கள். வக்கீலைக் கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது பெரியவனைப் பற்றிய அந்த வரிகளுக்காகத்தான். பள்ளி மாறியதிலிருந்து அறையிலேயே கிடக்கிறான், சாப்பிடுவதில்லை, தொந்தரவு இல்லை. பதினைந்து வயதுப் பையன் தொந்தரவே கொடுக்காமல் சுருண்டு கிடந்தால் எனக்கு மணி அடிக்கும். அது மனச்சோர்வாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது.

அமெரிக்காவில் 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் கொலை இல்லை, தற்கொலை. செய்தியில் வருவது கொலை. வீட்டுக்குள் நடப்பது மற்றது. தற்கொலை எண்ணம் அலை மாதிரி வந்து போகக்கூடியது, இளம் வயதில் அது இன்னும் வேகமாக வரும். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு நன்றாகவே வாழ்கிறார்கள். துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் தாண்ட அவகாசம் கிடைக்காது. ‘ஒருவன் முடிவு பண்ணிவிட்டால் எப்படியும் செய்துகொள்வான்’ என்று உங்கள் கணவர் சொல்லலாம். நிறையப் படித்தவர்களும் சொல்கிறார்கள். அது தவறு என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1995-ல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005-க்குள் அந்த விகிதம் பாதியாகிவிட்டது. ஜனங்களின் மனக்கஷ்டம் பாதியாகிவிடவில்லை, கைக்கெட்டிய இடத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைத்துப் பார்த்ததும் இதே எண்ணத்தில்தான். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார இறுதிக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்றது. இளம் சிப்பாய்களிடையே தற்கொலை 40 சதவீதம் குறைந்தது.

அதனால் இந்த வாரமே துப்பாக்கியை வெளியேற்றுங்கள். நிரந்தரமாக அல்ல, பையன் தேறும் வரை. சில துப்பாக்கிக் கடைகளும் பயிற்சித் திடல்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கின்றன. சில போலீஸ் நிலையங்களும் வாங்கி வைக்கும். போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எதிர்வீட்டு சர்ஜனிடம் நல்ல பெட்டகம் இருக்கலாம், உங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கும்படி எப்படிக் கொடுத்து வைப்பது என்று அவருக்கே தெரிந்திருக்கும். கணவரிடம் இதைத் துப்பாக்கிச் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். ‘பையனைப் பற்றிப் பயமாக இருக்கிறது’ என்று ஆரம்பியுங்கள். நகைக்காகத் தூக்கம் கெட்டவர், மகனுக்காகக் கேட்காமலா போவார்?

அப்புறம் பையனை அவனுடைய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கொஞ்ச நேரம் டாக்டரும் அவனும் மட்டும் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அதற்கு முன்னால் நீங்களே கேட்கலாம், சுற்றிவளைக்காமல்: ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா கண்ணா?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. அவன் ‘ஆமாம்’ என்றாலோ, உங்களுக்குச் சந்தேகம் வந்தாலோ, 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். நாடு முழுவதும் 24 மணி நேரமும் எடுப்பார்கள், அவனே பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.